வானத்தை நோக்கி மூன்று சுற்று

தெர்மோகோல் பெட்டியில் வந்தது தொலைநோக்கி,
லென்ஸ் துடைக்க ஒரு மஞ்சள் துணியோடு.
கடலூர் என்பதைக் கூடலூர் என்று அடித்திருந்தார்கள்.
நீலகிரி போய்ச் சுற்றி வந்ததில்
பதினோரு நாள் தாமதம்.

"இருபத்தேழாம் நம்பர்ல மாட்டிடுங்க, லூர்து"
என்றார் இன்ஸ்பெக்டர்.
எதற்கு என்று கேட்கிற வழக்கம்
ஆயுதக் கிடங்கில் கிடையாது.

இருபத்தேழு, த்ரீ நாட் த்ரீ.
இஷாபூர் முத்திரை, நாற்பத்து மூன்றாம் வருஷம்.
என் அப்பாவைவிட மூத்தது.
அடிக்கட்டையில் யாரோ ஆணியால் கீறிய பாதிப் பெயர்,
'சின்ன' வரைக்கும்.
முழுசாகுமுன் ஆள் வந்திருக்கவேண்டும்.

எஃகு இடம் கொடுக்கவில்லை.
முதல் டிரில் பிட் மழுங்கியது.
இரண்டாவது பட்டென்று ஒடிந்து
மேசைக்கடியில் போய் ஒளிந்தது.
ஓ.டி.யில் படகு என்ஜினுக்கு லேத் ஓட்டும் கமாலுதீன்
மூன்றாவதைத் தாளில் மடித்துத் தந்தார்.
"எண்ணெய் விட்டு மெதுவா இறக்குங்க,
அவசரப்பட்டா இதுவும் போயிடும்."
எதைத் துளைக்கிறேன் என்று அவரும் கேட்கவில்லை.

இடப்பக்கச் சுவரில் நான்கு துளை.
நேர் மேலே வைத்தால் கிளிப் இறங்காது,
வெற்றுத் தோட்டா துள்ள வழியிருக்காது.
கல்யாண போட்டோவுக்குக் கடைசியாக ஓடிவந்த சம்பந்திபோல
ஒதுங்கித்தான் நின்றது கண்ணாடிக் குழல்.
கண் எட்டினால் கன்னத்துக்குக் கட்டை எட்டவில்லை.
மகனின் பழைய ஸ்கூல் பையில் தோள்பட்டை ஸ்பாஞ்சை அறுத்து
சைக்கிள் ட்யூபால் சுற்றிக் கட்டினேன்.

குறுக்குக்கோடு சாயக்கூடாது.
துறைமுகத்தில் வாங்கிய நைலான் நரம்பில்
ஈயக்குண்டு கட்டி
மைதானத்து வேம்பில் தொங்கவிட்டேன்.
சோழகம் விடவில்லை.
இரண்டரை மணிக்கு ஒரு நிமிஷம் காற்று நின்றது.
அதற்குள் திருகை முறுக்கிவிட்டேன்.

பிறகு போல்ட்டைக் கழற்றி
குழாய் வழியே பார்த்தேன்.
ஒற்றை ரூபாய் அளவு வெளிச்சம்.
அதன் நடுவே, கெடிலத்துக்கு அக்கரையில்,
குண்டூசித் தலையளவு தண்ணீர்த் தொட்டி.
அடுத்து கண்ணாடி வழியே அதே தொட்டி.
சாரத்தில் ஒருவன், பெயிண்ட் டப்பாவோடு.
காதில் செருகிய பீடி.
சட்டையில் ஒரு பித்தான் மட்டும் வேறு நிறம்.
அவன் கொட்டாவி விட்டான்.
இங்கே எனக்கு வாய் திறந்தது.

தொட்டியில் எழுதிய லிட்டர் கணக்கின்
கடைசிச் சுழியம்தான் என் குறி.
அதைத்தான் அவன் அடித்துக்கொண்டிருந்தான்.
குழாயும் கண்ணாடியும் ஒரே இடத்தைக் காட்டும்வரை
திருகைத் திருப்பவேண்டும்.
ஒவ்வொரு கிளிக்குக்கும் கோடு நகர்ந்தது:
டப்பா, முழங்கை, பித்தான்.
துப்பாக்கி காலி. போல்ட் மேசைமேல்.
இருமுறை பார்த்துக்கொண்டேன்.
மூன்றாம் முறையும் பார்த்தேன்.

சாயங்காலம் பதிவேடு.
இருபத்தேழின் பக்கங்களில்
ஸ்பிரிங் மாற்றியது, துரு சுரண்டியது,
நடுநடுவே, வெவ்வேறு வருஷத்தில்,
வெவ்வேறு கையெழுத்தில் ஒரே வாக்கியம்:
'கூட்டத்தைக் கலைக்க, வானத்தை நோக்கி, மூன்று சுற்று.'
ஓரிடத்தில் மட்டும் அடுத்த வரி இருந்தது.
'இறப்பு: ஒன்று.'
வானத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்
என்று எழுதவில்லை.

பழைய இரும்பு முனைக்குப் பின்னாலிருந்து பார்த்தால்
தூரத்தில் எல்லாருமே புள்ளி.
மேலே சுட்டேன் என்று சொன்னவருக்கு
அது பாதி உண்மையாகவும் இருந்திருக்கலாம்.
முகம் தெரிந்திருக்காது.

நீல மசியில் எழுதினேன்:
'தொலைநோக்கி பொருத்தப்பட்டது. திருகு நான்கு.'
எழுதிவிட்டு, இன்னொரு வரிக்கு இடம் விட்டு,
பேனாவை வைத்துக்கொண்டே இருந்தேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார்.
"எதுவரைக்கும் தெரியுது?"
"பித்தான் வரைக்கும் சார்."
குனிந்து ஒரு கண்ணை மூடினார்.
அக்கரையில் அதற்குள் இருட்டிவிட்டது.
"மூடி போட்டு வைங்க,
தூசு படியும்."